பங்கீட்டில் பிறக்கும் வேறுபாடு: இரட்டையரும் தன்னடையாளமும்

1. கேள்வி யாருடையது

இரட்டைக் குழந்தைகளைக் கண்டதும் எல்லோரும் கேட்பவை இரண்டு. இதில் யார் மூத்தது? எதை வைத்து அடையாளம் கண்டுபிடிக்கிறீர்கள்? இரண்டுமே கேட்பவர் தம் தடுமாற்றத்தைத் தீர்த்துக்கொள்ளக் கேட்பவை. வருகைப் பதிவேட்டோடு நிற்கும் ஆசிரியர் குழம்புகிறார், ஊசி போட வந்த செவிலியர் குழம்புகிறார், விடுமுறைக்கு வந்த அத்தை குழம்புகிறார். அந்தப் பிள்ளைகள் தங்களுக்குள் குழம்புவது அரிது. ஆனாலும் இரட்டையரைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பகுதி இந்தக் குழப்பத்தை அவர்கள் தலையில் ஏற்றிவிட்டு, தனி ஆளாக ஆவது எப்படி என்று அவர்களுக்கே பாடம் நடத்துகிறது.

இந்த வழக்கம் பழையது. பிரான்சிஸ் கால்டன் இரட்டையர் குடும்பங்களுக்குக் கேள்விக் கடிதங்கள் அனுப்பி, வந்த பதில்களைத் தொகுத்து 1875இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். குழந்தையின் மணிக்கட்டில் நாடா கட்டி அடையாளம் வைப்பதும், ஒன்றுக்குத் தர வேண்டிய உணவும் மருந்தும் அடியும் தவறி மற்றதற்குப் போவதும் அதில் வருகின்றன. படிக்கச் சுவையானவைதான். ஆனால் கால்டனின் அக்கறை அந்தக் குழந்தைகள் மீது இல்லை. பிறவிக்கூறு வலிதா, வளர்ப்பு வலிதா என்று அளக்க அவருக்கு ஒரு தராசு தேவைப்பட்டது. அன்று முதல் இரட்டையர் ஆய்வு என்ற பெயரில் நடப்பதில் பெரும்பகுதி இரட்டையரைக் கொண்டு வேறெதையோ அறியும் ஆய்வு. இரட்டையராய் இருப்பது என்ன என்று கேட்டவர்கள் சிலரே.

மேலே செல்லுமுன் மூன்றைப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. உடலிலும் குணத்திலும் இருவர் வேறுபடுவது ஒன்று. அந்த இருவரையும் மற்றவர்கள் இரண்டு ஆட்களாக ஏற்று நடத்துவது இன்னொன்று. தன்னைத் தானாக உணர்வது மூன்றாவது. முதலாவது இருந்தும் இரண்டாவது கிடைக்காமல் போகலாம். இரண்டாவது கிடைக்காதபோது மூன்றாவது அடிவாங்கலாம். முகம் ஒத்திருப்பதைக் கண்டு மூன்றுமே இல்லை என்று முடிவுகட்டுவதுதான் பொதுவழக்கு.

பிரித்து வைத்தால்தான் இரட்டையர் தனித்தனி ஆட்களாவர் என்பது பரவலான நம்பிக்கை. இக்கட்டுரையின் வாதம் ஏறக்குறைய அதற்கு எதிர்த்திசையில் செல்கிறது. வேறுபாடு பிறக்கும் இடமே அந்த இணைதான். ஒன்றைப் பங்கிட நேரும்போதுதான் இருவர் இருவராகின்றனர். அவ்வேறுபாடு நல்லபடியாக முதிர்வதற்கு மட்டும் இணைக்கு வெளியே ஒரு மூன்றாமவர் வேண்டியிருக்கிறது. இங்கே பெரிதும் பேசப்படுவோர் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர். இரு கருமுட்டைகளில் உருவானோர் மரபளவில் சாதாரண உடன்பிறப்புகள். அவர்கள் சந்திப்பதும் பெரும்பாலும் பார்ப்பவர் கண்ணால் வரும் சிக்கல்தான்.

2. நஞ்சுக்கொடியில் தொடக்கம்

ஒரு கரு இரண்டாகப் பிரியும் நாள் முக்கியமானது. முதல் மூன்று நாட்களுக்குள் பிரிந்தால் இரு குழந்தைகளுக்கும் தனித்தனி நஞ்சுக்கொடி அமையும். நான்கு முதல் எட்டு நாட்களுக்குள் பிரிந்தால் ஒரே நஞ்சுக்கொடியை இருவரும் பங்கிடுவர். ஒருகரு இரட்டையரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் இவ்வகையினர். அதற்கும் பிந்தினால் பனிக்குடமும் ஒன்றாகிவிடும். பதின்மூன்று நாட்களுக்குமேல் தாமதித்தால் உடல் முழுதாகப் பிரியாது. மருத்துவ நூல்கள் தரும் விளக்கம் இது.

எவ்வளவு அதிகம் பகிர்கிறார்களோ அவ்வளவு ஒத்திருப்பார்கள் என்று எதிர்பார்ப்போம். நடப்பது அப்படியில்லை. ஒரே நஞ்சுக்கொடியில் இருவருக்குரிய பரப்பு சமமாக அமைவதில்லை. ஒருவருக்குக் குருதி கூடுதலாகவும் மற்றவருக்குக் குறைவாகவும் போகலாம். பிறப்பு எடையில் பெரும் வித்தியாசம் இவர்களிடம் கூடுதலாகக் காணப்படுவது இதனால்தான். இவ்வகைக் கருப்பங்களில் சுமார் 10 முதல் 15 விழுக்காட்டில், ஒரு குழந்தையின் குருதி மற்றதற்குக் கடந்துபோகும் கடுமையான நிலையே உண்டாகிறது. பங்காளிச் சண்டை பிறக்குமுன்பே தொடங்கிவிடுகிறது என்று சொல்லலாம்.

மரபணுவும் முழுக்க ஒன்றல்ல. ஐஸ்லாந்தில் செய்து 2021இல் வெளியான ஆய்வொன்றில், ஒருகரு இரட்டையர் கருவளர்ச்சியின் தொடக்கத்தில் நேர்ந்த மாற்றங்களில் சராசரியாக 5.2 இடங்களில் வேறுபட்டிருந்தனர். மிகச் சிறிய எண்தான்; ஆளின் தனித்தன்மையை அதன்மேல் கட்ட முடியாது. விரல்ரேகையும் கருவிழிக் கோலமும் இருவருக்கும் ஒன்றாயிருப்பதில்லை என்பது ஆதார் எடுக்கப் போன ஒவ்வோர் இரட்டையர் வீட்டுக்கும் தெரியும். மரபணுக்களின்மேல் படிந்து அவற்றை இயக்கவும் அடக்கவும் செய்யும் வேதிக்குறிகள் பற்றி 2005இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இன்னும் பயனுள்ளது. 3 முதல் 74 வயது வரையான 40 இணைகளை ஒப்பிட்டதில், சிறுவயதினரிடம் இக்குறிகள் ஏறக்குறைய ஒன்றாயிருந்தன. முதியோரிடம் வெகுவாக விலகியிருந்தன.

3. இணைக்குள் நடப்பது

1930களில் ஜெர்மானிய உளவியலாளர் ஹெல்முட் ஃபான் பிராக்கன் ஒரு நுட்பமான விஷயத்தைக் கவனித்தார். பல இணைகளில் வெளியாரோடு பேசுவது, கடைக்காரரிடம் கேட்பது, விருந்தினருக்குப் பதில் சொல்வது எல்லாம் ஒருவர் பொறுப்பு. இருவருக்குள் என்ன செய்வது என்பதைத் தீர்மானிப்பது மற்றவர் பொறுப்பு. முன்னவரை வெளியுறவு அமைச்சர் என்றும் பின்னவரை உள்துறை அமைச்சர் என்றும் வேடிக்கையாகப் பெயரிட்டார். வேடிக்கைக்குள் ஒரு கோட்பாடு இருக்கிறது. இருவரும் ஒரே வாசலில் நிற்கும்போது கதவைத் திறப்பவர் ஒருவர்தான்.

பிரெஞ்சு உளவியலாளர் ரெனே ஜாஸோ இதை விரிவாக வளர்த்தார். 1960இல் வெளிவந்த அவருடைய நூல் இரட்டையரைத் தனித்தனி ஆட்களாக மட்டும் பார்க்காமல் ஓர் இணையாகப் பார்க்கச் சொன்னது. ஒரே மரபணு, ஒரே வீடு, ஒரே உணவு என்றிருந்தும் குணத்தில் வேறுபடுகிறார்களே, ஏன்? மரபும் சூழலும் சேர்ந்து மீதி வைத்ததை இணைக்குள் நடக்கும் வேலைப்பங்கீடு விளக்குகிறது என்றார் ஜாஸோ. கணவன் மனைவிக்குள் நிகழ்வதைப் போன்றது இது. ஒருவர் கணக்கில் கெட்டிக்காரர் என்று ஆனதும் மற்றவர் கணக்கைக் கைவிடுகிறார்.

இதற்கு எதிர்ச்சான்றாகப் பலர் காட்டுவது மின்னசோட்டா ஆய்வு. தாமஸ் பூஷார்ட் 1979இல் தொடங்கி இருபது ஆண்டுகள் நடத்திய இந்த ஆய்வில், சிறுவயதிலேயே பிரிந்து வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த இரட்டையர் சோதிக்கப்பட்டனர். தொடக்கப்புள்ளி, 39 வயதில் மீண்டும் சந்தித்த, இருவருக்குமே ஜிம் என்று பெயர் கொண்ட ஓர் இரட்டையர். இருவரின் முதல் மனைவி பெயர் லிண்டா, இரண்டாம் மனைவி பெயர் பெட்டி. நாய்க்கும் ஒரே பெயர். பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். இருவருக்கும் ஜிம் என்று பெயர் வைத்தவர்கள் ஒருவரையொருவர் அறியாத இரண்டு வளர்ப்புக் குடும்பத்தார் என்பதை எண்ணிப்பார்த்தால், தற்செயலுக்கும் மரபுக்கும் உள்ள எல்லை எவ்வளவு மங்கலானது என்பது புரியும். ஒருவர் பேச்சில் வல்லவர், மற்றவர் எழுத்தில் வல்லவர் என்ற செய்தியும் அதே பதிவுகளில் உண்டு. அதைத் தலைப்பாக்கியவர் இல்லை.

மின்னசோட்டா குழு 1990இல் வெளியிட்ட முடிவுகளில் கருத்தூன்ற வேண்டியது வேறொன்று. ஆளுமை வினாத்தாள்களில் பிரிந்து வளர்ந்த ஒருகரு இரட்டையர் சேர்ந்து வளர்ந்தவர்களைப் போலவே ஒத்திருந்தனர். இதை மரபின் வெற்றி என்று படிப்பது வழக்கம். நான் இதைத் திருப்பிப் படிக்கிறேன். ஒரே கூரையின் கீழ் இருபது ஆண்டு ஒன்றாக வளர்ந்தது அவர்களைக் கூடுதலாக ஒத்தவர்களாக்கவில்லையே! ஒன்றாக வாழ்வது ஒருபுறம் ஒட்டவைத்திருக்க வேண்டும். மறுபுறம் ஏதோ ஒன்று அதே அளவுக்கு விலக்கியிருக்கிறது என்பது ஒரு விளக்கம். பொதுவீட்டுக்கு ஆளுமையில் வலிவே இல்லை என்பது இன்னொரு விளக்கம். இரண்டையும் அந்த வினாத்தாள்களால் பிரித்தறிய இயலாது.

2015இல் 2,748 ஆய்வுகளையும் 1.45 கோடி இணைகளையும் திரட்டிய ஒரு தொகுப்பாய்வு, 17,804 பண்புகளின் வேறுபாட்டில் சராசரியாக 49 விழுக்காட்டை மரபின் கணக்கில் எழுதியது. மீதியில் பெரும்பங்கு 'பகிராத சூழல்' என்ற தலைப்பில் விழுகிறது. அது இன்ன இடத்திலுள்ள இன்ன சூழல் என்று யாராலும் சுட்டிக்காட்ட இயலாது. கழித்தபின் மிஞ்சியது, அளவைப் பிழை உட்பட, அங்கே கொட்டப்படுகிறது. ஒருவர் தாமாக இருப்பது எந்தக் கூறினாலோ, அதை அறிவியல் கழிவுக்கணக்கில் வைத்திருக்கிறது.

அந்தக் கணக்கைச் சற்றுத் திறந்து காட்டியது எலிகளை வைத்துச் செய்த ஒரு சோதனை. ஜெர்மனியில் செய்து 2013இல் வெளியான அதில், மரபில் ஒன்றேயான 40 எலிகளை ஒரே பெரிய பலமாடிக் கூண்டில் மூன்று மாதம் விட்டு, ஒவ்வொன்றின் நடமாட்டத்தையும் பதிவு செய்தனர். சில எலிகள் கூண்டெங்கும் சுற்றின, சில ஒரு மூலையோடு நின்றன. நாளாக ஆக இந்த விலகல் அதிகரித்தது. கூடுதலாகச் சுற்றியவற்றின் மூளையில் புதிய நரம்பணுக்கள் கூடுதலாக உருவாகியிருந்தன. மரபும் ஒன்று, கூண்டும் ஒன்று. எனினும் ஓர் எலி நிற்கும் இடத்தில் இன்னோர் எலி நிற்க முடியாது.

4. உடல் பிரியாதவர்கள்

வாதத்தைச் சோதிக்க மிகக் கடினமான இடம் ஒட்டிப் பிறந்தோர். இவர்களுக்குத் தனிச்சூழல் என்று ஒன்றைச் சொல்லவே இயலாது.

சயாமில் 1811இல் பிறந்த சாங், எங் இருவரும் மார்பருகே ஒரு தசைப்பாலத்தால் இணைந்திருந்தனர். மேலைநாடுகளில் காட்சிப்பொருளாகச் சுற்றிப் பணம் சேர்த்து, வட கரோலினாவில் நிலம் வாங்கிக் குடியேறி, 1843இல் அக்கா தங்கை இருவரை மணந்தனர். இரண்டு குடும்பங்களுக்கும் சேர்த்து 21 பிள்ளைகள். இரண்டு மனைவியரும் ஒரே வீட்டில் இருக்க இயலாமல் போனபோது இரண்டு வீடுகளை அமைத்து, மூன்று நாள் ஒரு வீடு, மூன்று நாள் மறுவீடு என்று முறை வைத்தனர். யாருடைய வீட்டில் இருக்கிறார்களோ அவர் சொல்தான் அங்கே செல்லும். மற்றவர் வாய் திறக்கமாட்டார். சாங் குடிப்பார், எங் தொடமாட்டார். பிரிக்க முடியாத உடலுக்கு அவர்கள் கண்ட தீர்வு காலத்தைப் பிரிப்பது. எந்த உளவியல் நூலும் வருமுன்பே, அரசியல் சட்டம் போன்ற ஓர் ஏற்பாட்டை ஒரு பண்ணைவீட்டில் இரண்டு பேர் வகுத்துக்கொண்டார்கள். 1874 ஜனவரியில் சாங் இறந்து, சில மணி நேரத்தில் எங் இறக்கும்வரை அது நடைமுறையில் இருந்தது.

லாதன், லாலே பிஜானி சகோதரிகளின் கதை இதற்கு நேரெதிரான முடிவு கொண்டது. ஈரானில் 1974இல் தலை ஒட்டிப் பிறந்தவர்கள். மூளை இரண்டு, ஆனால் குருதியை வடிக்கும் பெருநாளம் ஒன்று. லாதன் வழக்கறிஞராக விரும்பினார், லாலே பத்திரிகையாளராக விரும்பினார். ஒரே இருக்கையில் இரண்டு படிப்பு நடக்காது. லாதனின் விருப்பம் வென்று இருவரும் டெஹ்ரானில் சட்டம் படித்தனர். ஜெர்மன் மருத்துவர்கள் 1996இல் அறுவைக்கு மறுத்துவிட்டனர். 2003இல் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் மருத்துவமனை ஒப்புக்கொண்டது. இருவரும் வேறுவேறு ஆட்கள், வேறுவேறு வாழ்க்கை வேண்டும் என்று அறுவைக்கு முன் அவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். ஜூலை 6இல் தொடங்கிய அறுவை இரண்டு நாளுக்குமேல் நீண்டது. ஜூலை 8இல், பிரிக்கப்பட்ட சற்று நேரத்துக்குள் இருவரும் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். வயது 29.

ஜூடித் ரிச் ஹாரிஸ், ஆளுமை வேறுபாடு குறித்து 2006இல் வெளியிட்ட நூலில் இந்தச் சகோதரிகளைத்தான் முன்வைக்கிறார். மரபும் ஒன்று, ஒரு நிமிடம்கூட விலகாத சூழலும் ஒன்று. பிறகு இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? சமூகத்தில் பிறர் ஒவ்வொருவரையும் தனித்தனியாக இனங்கண்டு நடத்துவதிலிருந்து என்பது அவர் விடையின் சாரம். பாதிவிடை என்றே எனக்குப் படுகிறது. சட்டமா, பத்திரிகையா என்று தேர்வு செய்ய வேண்டியிருந்ததும், ஒருவர் விட்டுக்கொடுத்ததும் அவர்கள் இருவருக்குள் நடந்தவை. விட்டுக்கொடுத்தவருக்குத் தாம் விட்டுக்கொடுத்தது என்ன என்பது நாள்தோறும் தெரியும். தன்னடையாளத்தின் மிகக் கூர்மையான வடிவம் அதுவாகக்கூட இருக்கலாம்.

உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தே அறுவைக்குச் சென்றது, தனித்தன்மை இல்லாததன் ஏக்கம் என்று அன்றைய செய்திகள் எழுதின. இல்லாத ஒன்றுக்காக யாரும் அவ்வளவு துணியமாட்டார்கள். அவர்களிடம் இருந்தது இரண்டு முழு ஆட்கள். கிடைக்காமல் போனது இரண்டு நாற்காலிகள்.

5. மூடிய இணை

இணைதான் வேறுபாட்டின் விளைநிலம் என்றால் இரட்டையரைச் சும்மா விட்டுவிட்டால் போதுமா? போதாது என்பதற்கு இரண்டு சான்றுகள்.

சோவியத் உளவியலாளர் லூரியாவும் யூதோவிச்சும் 1956இல் வெளியிட்ட ஆய்வில் ஐந்து வயது இரட்டைச் சிறுவர் இருவர் வருகின்றனர். எந்நேரமும் ஒன்றாகவே விளையாடியதால் அவர்களுக்குள் பேச்சே அதிகம் தேவைப்படவில்லை. செய்கையோடு ஒட்டிய சில ஒலிகளும் சொற்களும் போதுமாயிருந்தன. வெளியார்க்கு அது விளங்காது. மழலையர் பள்ளியில் இருவரையும் வெவ்வேறு குழுவில் சேர்த்தார்கள். மூன்று மாதத்தில் இருவர் பேச்சும், அதோடு விளையாட்டைத் திட்டமிடும் திறனும் குறிப்பிடத்தக்க அளவு வளர்ந்தன. புரியாதவர் ஒருவர் எதிரே வந்தபோதுதான் சொல் தேவைப்பட்டது.

வேல்ஸில் வளர்ந்த ஜூன், ஜெனிஃபர் கிப்பன்ஸ் சகோதரிகளின் நிலை கடுமையானது. பார்படோஸ் வம்சாவளிப் பெற்றோருக்கு 1963இல் பிறந்தவர்கள். பள்ளியில் நிறத்தைச் சொல்லித் துன்புறுத்தப்பட்டு, பெரியவர்களோடு பேசுவதையே நிறுத்தினார்கள். பதின்வயதில் இருவரையும் பிரித்துப் பார்த்தார்கள். இருவரும் மேலும் ஒடுங்கினார்கள். நாவல்கள் எழுதினார்கள், பின்னர் தீவைப்பு உள்ளிட்ட குற்றங்களில் சிக்கி, 1982இல் பிராட்மோர் பாதுகாப்பு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டுப் பதினோர் ஆண்டு அங்கே இருந்தார்கள். பத்திரிகையாளர் மார்ஜரி வாலஸ் அவர்களின் நாட்குறிப்புகளைப் படித்து நூல் எழுதினார். ஒருவர்மேல் ஒருவருக்கு இருந்த கண்காணிப்பும் வெறுப்பும் பிரிய முடியாத பற்றும் அந்தக் குறிப்புகளில் நிறைந்திருந்தன. 1993இல் வேறு மருத்துவமனைக்கு மாற்றப்பட்ட நாளில் ஜெனிஃபர் இதய அழற்சியால் இறந்தார். இந்த இணை தானாக மூடிக்கொண்டதாகவே கதை சொல்லப்படுகிறது. கதவை முதலில் சாத்தியது அந்தப் பள்ளிக்கூடம்.

வகுப்பறையில் இரட்டையரைப் பிரிப்பதா என்ற நிர்வாகக் கேள்விக்கும் இங்கேதான் இடம். பிரிட்டனில் 2004இல் வந்த ஓர் ஆய்வில், பள்ளி தொடங்கியதுமே பிரிக்கப்பட்ட பிள்ளைகளிடம், அதிலும் ஒருகரு இரட்டையரிடம், மனத்துக்குள் வைத்துக் குமையும் இயல்பு கூடுதலாகக் காணப்பட்டது. 2018இல் வந்த பெரிய ஆய்வு, படிப்பைப் பொறுத்தவரை சேர்ந்திருப்பதாலோ பிரிவதாலோ சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை என்றது. எல்லாருக்கும் ஒரே விதி வைக்கும் பள்ளிகள் இரண்டையும் படித்ததாகத் தெரியவில்லை.

6. பெயரும் முறையும்

இரட்டைப்பிறப்பு உலகிலேயே மிகுந்த பகுதிகளில் ஒன்று நைஜீரியாவின் யொருபா நாடு. அங்கே இரட்டையருக்குப் பெயர் தேடுவதில்லை. முதலில் வெளிவருவது தாய்வோ, அடுத்தது கெஹிந்தே. ஆனால் மூத்தது கெஹிந்தேதான். உலகம் எப்படியிருக்கிறது என்று பார்த்துவரத் தம்பியையோ தங்கையையோ முதலில் அனுப்பியவர் அவர். அதற்கேற்ப ஆர்வமும் அவசரமும் ஒருவருக்கு, நிதானம் மற்றவருக்கு என்று எதிர்பார்ப்பும் வகுக்கப்பட்டுவிடுகிறது. ஒருவர் இறந்தால் அவருக்கென ஒரு மரச்சிற்பம் செதுக்கி, குளிப்பாட்டி, உடுத்தி, மற்றவரோடு வைத்துப் பேணுவது பழைய மரபு. வேறுபாட்டை இயற்கைக்கு விட்டுவைக்காமல் பிறந்த நொடியிலேயே சமூகம் பங்கிட்டுத் தருகிறது. இது சுதந்திரமா என்று கேட்டால் இல்லைதான். ஆனால் ஒருவரை மற்றவராக எண்ணிவிடும் வாய்ப்பை இது அடியோடு எடுத்துவிடுகிறது.

நம் ஊரில் ஆண் இரட்டையருக்கு ராமன், லட்சுமணன் என்று வைப்பது இன்றும் உண்டு. கதைப்படி அவர்கள் இரட்டையரே அல்லர். சுமித்திரை பெற்ற இரட்டையர் லட்சுமணனும் சத்ருக்கனனும். காப்பியம் அந்த இருவரையும் ஒன்றாக நிறுத்துவதே இல்லை; ஒருவனை ராமனோடும் மற்றவனைப் பரதனோடும் அனுப்பிவிடுகிறது. ஒருவன் காட்டில், ஒருவன் நாட்டில். அவர்கள் இரட்டையர் என்பதே கேட்பவர்க்கு மறந்துபோகிறது. ஆளுக்கொரு மூன்றாமவர் கிடைத்துவிட்டதால் அங்கே அடையாளச் சிக்கல் எழவில்லை.

7. ஆற்காடு இரட்டையர்

ராமன், லட்சுமணன் என்ற அந்தப் பெயர்களைச் சூடி, ஆற்காடு இரட்டையர் எனப்பட்ட இருவரைப் பற்றிய பொதுப்பதிவுகள் நிறைய உண்டு. ஏ. ராமசாமி முதலியாரும் ஏ. லட்சுமணசாமி முதலியாரும் 1887 அக்டோபர் 14இல் கர்நூலில் பிறந்தனர். சென்னைக் கிறித்தவக் கல்லூரி வரை பாதை ஒன்று. பிறகு ஒருவர் சட்டம், ஒருவர் மருத்துவம். ராமசாமி நீதிக்கட்சியில் முன்னின்றார், 'ஜஸ்டிஸ்' இதழின் ஆசிரியரானார், சென்னை மேயரானார், 1946இல் ஐ.நா. பொருளாதார சமூக மன்றத்தின் முதல் தலைவரானார், மைசூரின் கடைசித் திவானும் அவரே. லட்சுமணசாமி மகப்பேற்று மருத்துவர். 1939இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வரானார். 1942 முதல் 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1952-53இல் இடைநிலைக் கல்விக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அது இன்றும் முதலியார் குழு என்றே அறியப்படுகிறது. எந்த முதலியார் என்று கல்வித்துறையில் யாரும் கேட்பதில்லை. அரசியல் வரலாறு படிப்பவர்க்கு அதே பெயர் இன்னொருவரைச் சுட்டும்.

இந்தச் சான்றை அளவுக்குமேல் நீட்டக்கூடாது. அன்றைய சென்னையில் அத்தகைய குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சட்டம், மருத்துவம் என இரண்டு வாசல்கள் திறந்திருந்தன. இரண்டிலும் உச்சிவரை படிகள் இருந்தன. பிஜானி சகோதரிகளுக்குக் கிடைக்காத இரண்டு நாற்காலிகள் இவர்களுக்குக் கிடைத்தன. ஒரே தறியையோ ஒரே மளிகைக் கடையையோ நம்பியிருக்கும் இரட்டையருக்கு நிலைமை வேறு. அங்கே ஒருவர் கல்லாவில் உட்கார, மற்றவர் கொள்முதலுக்குப் போகிறார். பத்தாண்டு கழித்து ஒருவர் அமைதியானவர், மற்றவர் வாய்ச்சாமர்த்தியக்காரர் என்று தெருவே சொல்லும். அந்தக் குணங்கள் கல்லாவுக்கு முன்பே இருந்தனவா, பின்பு வந்தனவா என்பதை அறிய வினாத்தாளோடு ஒருமுறை போனால் போதாது. இருவரும் வேலையை முதன்முதலில் பிரித்துக்கொண்ட நாளிலிருந்தே உடனிருந்து பார்க்க வேண்டும்.